சிப்பாயின் தோளும் எங்கள் நாடாவும்

படைத்தளவாட உற்பத்தியை நவீனமாக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பீரங்கியைப் பற்றியோ ஆளில்லா விமானத்தைப் பற்றியோ கருத்துரைக்கும் தகுதி எனக்கில்லை. நான் அறிந்த பொருள் ஒன்றே ஒன்று: நாடா. படைவீரன் முதுகில் சுமக்கும் பைக்குத் தோள்பட்டையாகத் தைக்கப்படுகிற கனத்த நாடா. தென்காசியிலிருந்து கடையநல்லூர் செல்லும் சாலையில் அதனை நெய்யும் சிறு பட்டறை ஒன்றை, கடையநல்லூர்க்காரர் ஒருவருடன் கூட்டாக நெடுங்காலமாக நடத்தி வருகிறேன். எங்கள் நாடா வெளியூரில் உள்ள ஒரு பெரிய பை நிறுவனத்திற்குப் போகும். பை அங்கிருந்து படைக்குப் போகும். அந்த நாடாவைச் சற்றே நல்லதாக மாற்றிவிட நாங்கள் செய்த முயற்சி என்னவாயிற்று என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சினம் தணிந்தபின் எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். தணிவதாக இல்லை.

தொடக்கம் குற்றாலத்தில். என் தங்கை மகன் படையில் இருக்கிறான், வீரகேரளம்புதூரில் வீடு, பணி வடக்கே பனிமலையில். ஆனி மாதம் விடுப்பில் வந்தவன், சாரல் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு, "மாமா, குளிக்கப் போவமா?" என்று என்னையும் அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனான். குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சட்டையைக் கழற்றிக் கல்லில் அமர்ந்தான். எண்ணெய் தேய்ப்பவர் அவன் தோளில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, தம்பி வண்டி மாடா? நுகத்தடி அழுத்துன தழும்பு மாதிரில்லா கெடக்கு."

நான் பதில் சொல்லுமுன் என் மருமகன் சிரித்துவிட்டான். "மாடுன்னா சாயங்காலம் அவுத்து விட்டுருவாவ. எங்கள அவுக்க மாட்டாவ. நீரு தேயும்."

இரு தோள்களிலும், கழுத்தோரத்திலிருந்து முன்பக்கம் இறங்கி, கோடு போட்டாற்போல் தோல் தடித்துக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் அண்மையில் ஆறிய புண். இது எதனால் என்று கேட்டேன்.

"பைப் பட்டை மாமா. காஞ்சு கெடக்கும்போது ஒண்ணும் தெரியாது. பனியில நனைஞ்சுதுன்னா வெறச்சுப்போவும். அந்த ஓரம் இருக்குல்லா, அது கெடந்து அறுக்கும்."

"யாரு நெய்ஞ்ச நாடா அது?"

"நம்ம நாடாதான் மாமா. ஓரத்துல நம்ம பச்சை இழை ஓடுதுல்லா."

"தெரிஞ்சுமா இத்தன நாளு எங்கிட்டச் சொல்லாம இருந்த?"

"சொன்னா நீங்க மாத்திருவியளா? அது சர்க்கார் போட்டுக் குடுத்த படம்லா. நீங்க என்ன செய்வியோ?"

அன்று நான் குளித்தேனா இல்லையா என்பது நினைவில்லை. அவன் கூறியது முற்றிலும் உண்மை. அந்த நாடாவின் நூல், கனம், அகலம், ஓரத்தின் இறுக்கம் யாவும் நான் பிறப்பதற்கு முன்னரே எவரோ வரைந்து வைத்த ஒரு படத்தில் உள்ளன. அந்தப் படத்தின்படி பிசகாமல் நெய்தோம். எங்கள் சரக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெருமையும் பட்டுக்கொண்டோம். நெய்த நாடா எவன் தோளில் எப்படி உட்காருகிறது என்று எங்களிடம் எவரும் சொன்னதில்லை. சிப்பாய் தன் மேலதிகாரியிடம் சொல்லலாம்; அவர் பையைக் கொள்முதல் செய்பவர்க்கு எழுதலாம்; அவர் நிறுவனத்திற்கு எழுதலாம்; நிறுவனம் எங்களுக்கு எழுதலாம். இப்படி எழுதலாம், எழுதலாம் என்று இருக்கிற பாதையில் ஒரு சொல்கூட எந்நாளும் எங்கள் பட்டறை வாசல்வரை நடந்து வந்ததில்லை. என் சொந்த மருமகனின் தோளை நான் அறிந்துகொள்வதற்கே ஒரு குற்றாலச் சாரல் தேவைப்பட்டது. அருவி இல்லாத ஊரில் உள்ள நெசவாளி என்ன செய்வான்?

மறுநாள் காலையிலேயே என் கூட்டாளியிடம் சொன்னேன். அவர் வளைகுடா நாடொன்றில், துறைமுகத்தில் பளு தூக்கும் பட்டைகள் நெய்கிற தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

"அண்ணாச்சி, அங்கன கப்பல்ல இரும்பத் தூக்குத பெல்ட்டுக்கே ஓரத்த மெத்துனு நெய்யச் சொல்லுவாவ. இரும்புல கீறல் விழுந்துரக் கூடாதாம். நாம மனுசன் தோளுக்கு நெய்யுதோம். கீறுனா கீறட்டும்னு இருந்திருக்கோம்."

"ஒம்மால முடியுமா அந்த மாதிரி?"

"நூலு வாங்கித் தாரும். மிச்சத்த தறிகிட்டப் பேசிக்கிடுதேன்."

பருத்தியை விட்டு நைலானுக்கு வந்தோம். நடுப்பகுதியை இறுக்கமாகவும், இரு ஓரங்களையும் உள்ளே பொள்ளலான குழல்போலவும் நெய்ய வேண்டும், அதுதான் உபாயம். குறுக்கே ஓடும் ஊடை இழையின் இழுவை சற்றுக் கூடினால் குழல் நசுங்கும். குறைந்தால் ஓரம் நெளியும். நெய்ததை அறுத்தும், அறுத்ததை மீண்டும் நெய்தும் பட்டறை முழுவதும் துண்டு நாடாக்களாகக் கிடந்தன. ஒருவாறு சரியான நாடா கிடைத்தபோது, அதை ஒரு பையில் தைத்து, ஈர மணலை நிரப்பி என் மருமகனின் முதுகில் ஏற்றிவிட்டோம். குற்றாலம் பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குப் போகிற சாலையில், சாரலில் நனைந்தபடி அவன் நடந்தான். குளிக்க வந்த கூட்டமெல்லாம் வேடிக்கை பார்த்தது. நான் குடையுடன் பின்னால் போனேன். வழியில் ஒரு காவலர் அவனை நிறுத்தினார்.

"பையில என்ன?"

"மணல் சார்."

"மணலா? ஏலே, லாரி லாரியா கடத்துதவன் எல்லாம் சும்மா போறான். நீ முதுகுல கட்டிக் கடத்துதியோ?"

"இல்ல சார், நான் மிலிட்டரி. பட்டையப் போட்டுப் பாக்கேன்."

காவலர் அவனையும் என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். "லீவுல வந்தா வீட்டுல சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு? போங்க, போங்க. வண்டிக்கு வழிய விடுங்க."

திரும்பி வந்து சட்டையைக் கழற்றியபோது தோள் சிவந்திருந்தது. அறுபடவில்லை. நாடா தண்ணீர் குடித்து விறைக்கவும் இல்லை. "மாமா, இது எங்க பைக்கு வந்துட்டுன்னா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான் அவன். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு குறிக்கோள்: பழைய நாடா போய் இந்த நாடா வீரர்களின் தோளுக்கு ஏற வேண்டும். ஊதியத்திற்காக மட்டும் செய்த தொழிலில், வாழ்வில் முதன்முறையாக, அதற்கு மேற்பட்ட ஓர் எண்ணம் எனக்குத் தோன்றிற்று.

முதலில் பை நிறுவனத்திடம் போனோம். பளபளக்கிற கட்டடம், வாசலில், நாட்டின் பாதுகாப்பில் நாங்களும் பங்குதாரர் என்ற பொருளில் பெரிய எழுத்து வாசகம். கொள்முதல் மேலாளர் நாடாவைக் கையில் வாங்கி, வளைத்து, தடவிப் பார்த்தார். நல்ல மனிதர். காப்பி வரவழைத்தார்.

"நாடா அருமையா இருக்கு சார். ஆனா படத்துல இது இல்லையே."

"படத்த மாத்தச் சொல்லி நீங்க எழுதலாம்லா?"

"நாங்க எழுதினா, மாத்தினதுக்கு அப்புறம் டெண்டரைத் திரும்பவும் புதுசா விடுவாங்க. கையில இருக்கிற ஆர்டர் போயிடும். அதை யார் செய்வாங்க சார்?"

இதை அவர் வெட்கமின்றிச் சொன்னார் என்று கூறுவதற்கில்லை. வெட்கப்பட இதில் ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு பொருளை மேம்படுத்துகிறவனுக்குக் கையில் இருக்கும் வேலையும் பறிபோகும் என்று ஒரு முறையை அமைத்து வைத்துவிட்டு, தொழில்துறை ஏன் புதுமை செய்வதில்லை என்று மேடையில் வருந்துகிறார்களே, அவர்களை அந்தக் காப்பிக்கு அழைத்துப் போக வேண்டும்.

மேடையும் கண்டேன். அரசும் தொழில்துறையும் சந்திக்கும் கூட்டம் என்று ஒரு நகரத்தில் நடத்தினார்கள். நாங்கள் இருவரும் பேருந்து ஏறிப் போனோம். குளிரூட்டிய மண்டபம். திரையில் இயந்திரக் கைகள் எதையோ பற்றவைத்தன. பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று நாட்டு வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். அது எங்கள் மாவட்டத்தின் பக்கம் வரவில்லை. பேசியவர் எல்லோரும் தற்சார்பு என்றார்கள். என் கூட்டாளி என் காதருகே, "அண்ணாச்சி, இதுல பாதிப் பேரு போட்டிருக்குத செருப்புக்கு வாரு எங்கன நெய்ஞ்சதுன்னு கேட்டுப் பாப்பமா?" என்றார். நான் அவர் முழங்கையை அழுத்தினேன்.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன். நாடாவைக் கையில் உயர்த்திப் பிடித்து, விடயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். மேடையில் இருந்த உயரதிகாரி மிகுந்த மரியாதையோடு, "ஐயா, உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு வேண்டும். இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்" என்றார். மண்டபம் கைதட்டிற்று. பிறகு சாப்பாடு.

ஆனாலும் நியாயத்தை மறைக்கக் கூடாது. பதிவு செய்தோம், சில வாரங்களில் மாதிரி அனுப்பும்படி பதில் வந்தது. தொலைதூர நகரத்தில் உள்ள ஒரு சோதனைக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். இங்கே பக்கத்தில் அப்படியொரு கூடம் இல்லை. இருந்திருந்தால் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு நானே போய் நின்றிருப்பேன். கூட்டாளி புதிதாக ஒரு சுருள் நெய்தார். கடைசி வேலைகளை அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார். அவருடையது ஆயுள் முழுவதும் கைலி நெய்து, முடித்து, வியாபாரிக்கு அனுப்பிய கை. அழகாகச் சுற்றி, மழைக்காலம் ஆயிற்றே என்று பாலித்தீனில் இறுக்கிக் கட்டி, தபாலில் சேர்த்தார்.

காத்திருந்தோம். குற்றாலத்தில் சாரல் ஓய்ந்தது. கடைகளை எடுத்துக்கொண்டு வியாபாரிகள் போனார்கள். ஐப்பசி மழையும் வந்து போயிற்று. பின்பு ஒருநாள் கணினி மையத்திலிருந்து பதிலை அச்செடுத்து வந்தேன். ஏற்கத்தக்கதல்ல என்று ஒரு வரி. எதனால் ஏற்கத்தக்கதல்ல என்பதற்கு ஒரு சொல் கிடையாது.

காரணம் கேட்டு எத்தனையோ தரம் தொலைபேசியில் அழைத்தேன். கடைசியில் எடுத்தவர் அங்கே பணிபுரியும் ஓர் இளம் அதிகாரி. நம் தமிழ்நாட்டுப் பையன். தமிழ் கேட்டதும் குரலில் ஒரு மலர்ச்சி.

"ஐயா, உங்க நாடா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் இழுவை மெஷின்ல போட்டேன். நான் பார்த்ததுலயே அதுதான் பலமான நாடா."

"அப்புறம் ஏந்தம்பி தள்ளிட்டிய?"

"சுருளோட உள்பக்கம் பூஞ்சை பிடிச்சிருந்ததுய்யா. பூஞ்சை இருந்தா விதிப்படி மேற்கொண்டு போக முடியாது."

"நைலான்ல எப்படிய்யா பூஞ்சை பிடிக்கும்?"

"எனக்கும் அதே சந்தேகம்தான். மேல ஏதோ மாவு மாதிரிப் படிஞ்சிருந்தது."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு, மாவு போலப் படிந்து பூஞ்சை பிடித்திருந்ததாம் என்று சொன்னேன். என் கூட்டாளி தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனோ தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே. நாடாவுக்குக் கஞ்சி போட்டியளா?"

"போடாம?" அவர் குரலில் குற்ற உணர்வு சிறிதும் இல்லை, வியப்புத்தான் இருந்தது. "கஞ்சி போடாம சரக்கு வெளிய போனா, மொதத் தடவ பாக்குதவன் என்ன நெனைப்பான்? பூனை சுருண்டு கெடக்குத மாதிரி தொவண்டுல்லா கெடந்துச்சு அது."

"அது கைலியா? நாடா. அதுவும் நைலான். அது கஞ்சி குடிக்குமா?"

"கைலி வாங்குதவன் ஒரு தண்ணி அலசிட்டுத்தாம்ல கட்டுவான். அலசிட்டுப் பாக்கணும்னு தெரியாமலா அவன ஆபீசரா வச்சிருக்காவ?"

கூட்டாளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடையநல்லூர் நெசவில் கஞ்சி என்பது மரியாதை. விருந்தாளி வீட்டுக்குப் போகிற பிள்ளைக்குத் தலைவாரி விடுவதுபோல, வெளியே போகிற துணிக்குக் கஞ்சி. அந்த மரியாதையைத்தான் அவர் அரசாங்கத்துக்கும் செய்தார். ஈரம் முழுதும் காயாமல் பாலித்தீனுக்குள் இறுகி, மாதக்கணக்காக ஓர் அலமாரியில் கிடந்த கஞ்சி, பூஞ்சையாயிற்று.

அவர்மீது எனக்குச் சினம் இல்லை. எந்தப் புதிய பொருளும் இப்படிப்பட்ட ஒரு தவறைக் கடந்தே வருகிறது. தவறு எதுவென்று ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் தொலைபேசியில் தெரிந்துவிட்டது. வேறொரு சுருளை, கஞ்சியில்லாமல், அன்றைக்கே அனுப்ப நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். இளம் அதிகாரியை மறுபடி அழைத்துக் கேட்டேன். இயலாது என்றார். ஒருமுறை தள்ளப்பட்ட மாதிரியை, மாதிரி கேட்டு அரசு விடுத்த அதே அறிவிப்பின்கீழ் மீண்டும் ஏற்க விதியில்லை. அடுத்த அறிவிப்பு எப்போது என்று அவருக்கும் தெரியாது.

"தம்பி, அது பலமான நாடான்னு உங்க கைக்குத் தெரியும்லா?"

"தெரியும்யா. ஆனா என் கைக்குத் தெரிஞ்சத எழுதறதுக்கு அந்தத் தாள்ல இடம் இல்ல."

அவர் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம்தான் என்னை எரித்தது. மேலாளர் நல்லவர், உயரதிகாரி மரியாதை தெரிந்தவர், இவரோ நம் கட்சி. கெட்டவன் ஒருவன்கூட இல்லாமல் ஒரு நல்ல பொருளைக் கொன்றுவிட முடிகிறதே, இதைவிட மானக்கேடு ஒரு நாட்டுக்கு உண்டா? கோடிகளைக் கொட்டி இயந்திரக் கை வாங்குவது நவீனம் என்கிறார்கள். தள்ளும்போது காரணத்தை எழுதுவது நவீனமில்லையா? கழுவிக் கொண்டுவா, மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லும் உரிமையை அந்த இளைஞனுக்குக் கொடுப்பதற்கு எந்த நாட்டிலிருந்து தொழில்நுட்பம் வர வேண்டும்? படத்தை வரைகிறவர் ஆண்டுக்கொருமுறை ஒரு சிப்பாயின் சட்டையைக் கழற்றிப் பார்த்தாரென்றால் கருவூலம் காலியாகிவிடுமா? பெரிய நிறுவனம் சிறு பட்டறையின் திருத்தத்தை மேலே எடுத்துச் சென்றால் அதன் வேலை பறிபோகாது என்று ஓர் உறுதிமொழி எழுத, மை இல்லையா?

இதற்கிடையில் பை நிறுவனத்திலிருந்து பழைய நாடாவுக்கு வழக்கமான ஆர்டர் வந்தது. நான் நெய்ய மாட்டேன் என்றேன்.

"அண்ணாச்சி, கோவத்துல சொல்லாதியும். தறி ஓடணும். இங்கன வேலைக்கு வாரவங்க வீட்டுல அடுப்பு எரியணும்" என்றார் கூட்டாளி.

"வேற எத வேணும்னாலும் நெய்யும். இத நெய்ய வேண்டாம்."

"நாம நெய்யலன்னா வேற ஒருத்தன் நெய்வான். அது ஒம்ம மருமகன் தோளுக்குத்தான் போவும். ஒமக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்ல. அதுல நம்ம பச்சை இழை இருக்காது."

"சரிதான். எங்க அண்ணன் மானத்துக்குக் கஞ்சி போட்டாரு, ஒம்ம மானத்துக்கு நான் கஞ்சி குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, தம் பழைய வளைகுடா முதலாளிக்குத் தொலைபேசி செய்யப் போனார். சில நாட்கள் எங்களிடையே பேச்சு குறைந்திருந்தது. அந்த முதலாளி வழியாக ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் புதிய நாடாவைக் கேட்டார். மலையேற்றத்துக்கு உல்லாசமாகப் போகிறவர்களுக்குப் பை தைக்கிற நிறுவனம் அவருடையது. மாதிரி கேட்டார், அனுப்பினோம். அடுத்த வாரமே திருத்தம் சொன்னார்: ஓரம் இன்னும் சிறிது மென்மையாகலாம், எங்கள் ஆட்கள் போட்டு நடந்து பார்த்தார்கள் என்று. திருத்தினோம். இப்போது எங்கள் தறிகள் அவருக்காகத்தான் ஓடுகின்றன. முன்னைவிட நன்றாகவே ஓடுகின்றன.

ஆகவே இன்றைய நிலை இதுதான். மலையை வேடிக்கை பார்க்கப் போகிற அயல்நாட்டான் தோளில் எங்கள் நாடா மெத்தென்று கிடக்கிறது. அதே போன்ற மலையில் காவல் நிற்கிற என் தங்கை மகனின் தோளை, அவன் பாட்டன் காலத்துப் படத்தின்படி எவரோ நெய்த நாடா அறுத்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் தற்சார்பாம்.

சென்ற மாதம் அவன் மலையிலிருந்து பேசினான். காற்று இரைச்சலில் குரல் விட்டு விட்டு வந்தது. வீட்டு நலம் எல்லாம் விசாரித்துவிட்டு, சற்றுத் தயங்கி, "மாமா, அந்த நாடா என்ன ஆச்சு?" என்றான். எத்தனை நாள் மனத்தில் வைத்திருந்து கேட்டானோ! நான் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஏற்கவில்லை என்றும், மறுபடி எப்போது என்று தெரியாது என்றும் சொன்னேன். அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட வேண்டும் என்று விரும்பினேன்.

"சரி மாமா. பரவாயில்ல. உள்ள துண்டு மடிச்சு வச்சுக்கிடுதோம், சமாளிச்சிருவோம்" என்றான்.

இந்தச் "சமாளிச்சிருவோம்" என்ற ஒரு சொல்லின்மேல்தான் அத்தனை அலுவலகங்களும் சாய்ந்து தூங்குகின்றன. இவன் சமாளிப்பான் என்று படம் வரைந்தவருக்குத் தெரியும், மேலாளருக்குத் தெரியும், மேடையில் கைதட்டு வாங்கித் தந்தவருக்கும் தெரியும். "நீ சமாளிக்காத, எழுதிக் குடு. உன் கூட இருக்குதவனையும் எழுதச் சொல்லு" என்று நான் கத்தினேன். இணைப்பு அறுந்திருந்தது, கேட்டானா தெரியவில்லை. மறுபடி அழைத்தேன். கிடைக்கவில்லை. பட்டறையில் எல்லோரும் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.